மஸ்கட் கார்

11.1.1995, புதன்
காலையில் மஸ்கட்டிலிருந்து போன். கொழுந்தனார் கிருபாசங்கர் இவரிடம் பேசி முடித்ததும் அவர் சம்சாரம் சண்முகப்பிரியா என்னிடம் பேச வந்தாள். "அக்கா, மாசியில ஊருக்கே வந்துடறோமுங்க. இனித் திரும்பிப் போறதில்லீங்க." நல்லது கண்ணு என்றேன். அப்புறம் சொன்னாள்: "காரும் கப்பல்ல வருதுங்க."

கார். கப்பலில்.

இவர் கோயம்புத்தூர் கணபதியில் கிரைண்டர் பட்டறை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்றுவரை ஸ்கூட்டர்தான். இப்போதுதான் ஒரு மாருதிக்குப் பணம் கட்டியிருக்கிறோம். வெள்ளை என்று நான்தான் சொன்னேன். போர்ட்டிகோவில் எங்கே நிறுத்துவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன். இனி அந்த இடத்தில் மஸ்கட் கார் நிற்கும்.

அத்தை கருப்பாத்தாள் சாயங்காலத்துக்குள் வீதி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். "எஞ் சின்னவன் ஜப்பான் காரு கொண்டாறான்." பெரியவன் கட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

15.1.1995, ஞாயிறு
பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் காரைப் பற்றிக் கேட்டார்கள். பொங்கலில் உப்புக் கரித்ததைக்கூட ஒருத்தரும் சொல்லவில்லை.

2.2.1995, வியாழன்
மெட்ராஸ் துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள். ஜபருல்லா என்று பெயர். அவர் போனில் சொன்னதையெல்லாம் இவர் சாப்பிடும்போது ஒப்பித்தார். யார் வேண்டுமானாலும் கார் கொண்டுவந்துவிட முடியாதாம். வெளிநாட்டில் ரெண்டு வருஷமாவது இருந்திருக்க வேண்டும். கார் அவர் பெயரிலேயே அங்கே ஒரு வருஷம் ஓடியிருக்க வேண்டும். பாஸ்போர்ட்டோடு அவரேதான் வந்து நிற்க வேண்டும், அண்ணனை அனுப்பினால் ஆகாது. வரியை நம் ரூபாயில் கட்டக் கூடாது, அங்கே சம்பாதித்த காசில்தான். எடுத்த பிறகு ரெண்டு வருஷத்துக்கு விற்கக் கூடாது, யாருக்கும் கைமாற்றிக் கொடுக்கவும் கூடாது.

ஒவ்வொரு 'கூடாது'க்கும் எனக்கு ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கியது.

"இவ்வளவு சட்டம் இருக்குதுங்களே, வருமுங்களா?" என்று கேட்டேன். "அவன் எல்லாம் பாத்துத்தான் செஞ்சிருப்பான், சாந்தா." தம்பி என்றால் இவருக்குக் கண் தெரியாது.

3.3.1995, வெள்ளி
வந்துவிட்டார்கள். கார் வரவில்லை, துறைமுகத்தில் நிற்கிறது. கொழுந்தனார் இளைத்திருக்கிறார். பிரியா எனக்கு ஒரு புடவையும் சென்ட்டும் கொடுத்தாள். சென்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பூசிக்கொள்ளப் போவதில்லை. அவர்கள் குழந்தை ரித்திகா ஏசி எங்கே என்று கேட்கிறது. மின்விசிறியைக் காட்டினேன்.

17.3.1995, வெள்ளி
எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

கொழுந்தனார் மெட்ராஸில் இருந்து பேசினார். வரி அவர் வாங்கின விலைக்கு இல்லையாம். கார் புதிதாக இருந்தபோது கம்பெனி போட்ட விலையை எடுத்து, அதில் வயதுக்குத் தகுந்தபடி கழித்து, மிச்சத்துக்குப் போடுகிறார்களாம். காரின் மதிப்பைவிட வரி அதிகம். டாலர் வந்துசேரத் தாமதம். வரி கட்டும்வரை நிற்கிற இடத்துக்குத் துறைமுக வாடகை ஏறிக்கொண்டே போகும். அந்த வாடகையையும் ஏஜெண்ட் கூலியையும் ரூபாயில் கட்டலாம்.

கேட்டதும் இவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய் மாருதிக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பணம் வரும்வரைக்கும் சங்கத்தில் கைமாற்று. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"எங்கிட்டக் கேக்கோணும்னு தோணலீங்களா?"

"அவன் காரு நின்னா என்ன, நம்ம காரு நின்னா என்ன, எல்லாம் ஒண்ணுதான?"

ஒண்ணா? யாருக்கு ஒண்ணு? அவ கார் வந்து நிக்கறதுக்கு என் கார் வாடகையாப் போகுது. இதைக் கேக்க எனக்கு ஒரு நாதி இல்லை.

26.3.1995, ஞாயிறு
வந்தது. பழுத்த மாதுளை முத்து மாதிரி ஒரு சிவப்பு. சத்தமே இல்லை. ஸ்டீரிங் இடது பக்கம். அந்த ஊரில் அப்படித்தானாம். இவர் பூசணிக்காய் உடைத்தார். அத்தை டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், பிரியா அதன்மேல் ஏற்றி நகர்த்தினாள். ஆமாம், அவள்தான் ஓட்டினாள். கொழுந்தனார் இல்லை. வீதிப் பெண்கள் எல்லாம் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

என்னை ஏறச் சொன்னார்கள். தலைவலி என்றேன்.

10.4.1995, திங்கள்
இவர் விடியற்காலையில் எழுந்து தம்பி காரைக் கழுவுகிறார். ஷாம்பூ போட்டு. அப்புறம் தோல் துணியால் துடைக்கிறார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தன் ஸ்கூட்டரை ஒருநாள் துடைத்தவரா இவர்? நான் ஜுரத்தில் கிடந்தபோது ஒரு டம்ளர் கழுவினவரா?

23.4.1995, ஞாயிறு
பிரியா என்னையும் அத்தையையும் ஆர்.எஸ்.புரம் ஜவுளிக்கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். அத்தை முன்னால் உட்கார்ந்தார். நான் பின்னால். கண்ணாடியில் அவள் கண் மட்டும் தெரிந்தது, ரோட்டையே பார்த்தபடி. ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை கியரில். யாரையும் கேட்காமல் திரும்புகிறாள், நிறுத்துகிறாள், போகிறாள்.

எனக்குக் காரின் மேல் பொறாமை என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். இல்லை. அந்தக் கைகள் மேல்.

19.5.1995, வெள்ளி
திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நல்ல விலை சொல்கிறார். இப்போது பணம், இப்போதே கார். பெயர் மாற்றுவது மட்டும் ரெண்டு வருஷம் கழித்து. அதுவரை கொழுந்தனார் பெயரிலேயே ஓடுமாம். முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை சாவி கொடுப்பதாகப் பேச்சு.

ஏன் விற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. போகட்டும். போர்ட்டிகோ காலியாகட்டும்.

22.5.1995, திங்கள்
மத்தியானம் போன் அடித்தது. வீட்டில் நான் மட்டும். ஜபருல்லா.

"ஏம்மா, தம்பி இருக்காரா? வண்டியக் கேட்டு ஆள் வருவாங்கம்மா, இப்ப எல்லாருக்கும் வர்றாங்க. கொடுத்துட வேணாம்னு சொல்லுங்க. போன மாசந்தான் ஒருத்தர் வண்டிய கஸ்டம்ஸ்காரங்க வீட்டு வாசல்ல வந்து பாத்து, இல்லைன்னு தெரிஞ்சதும் கேஸ் போட்டுட்டாங்க. வண்டியும் போச்சு, வித்த காசும் போச்சு, மேல அபராதம் வேற. மறக்காமச் சொல்லிடுங்கம்மா."

சொல்கிறேன் என்றேன்.

எல்லாரும் சாயங்காலம் வந்தார்கள். காபி போட்டுக் கொடுத்தேன். சொல்லவில்லை.

24.5.1995, புதன்
இன்றும் சொல்லவில்லை. நான் சொல்லாவிட்டால் என்ன, ஜபருல்லா திரும்பக் கூப்பிட மாட்டாரா? கூப்பிட்டால் என்ன செய்வேன்? போன் அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் நான்தான் எடுக்கிறேன். என்ன பொம்பளை நான்.

25.5.1995, வியாழன்
மத்தியானம் சாப்பாடு முடிந்து அத்தை படுத்துவிட்டார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிரியா காருக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியெல்லாம் ஏற்றி. வண்டி ஓடவில்லை. நாளைக்குக் கொடுக்கப் போகிற காரைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தோள் குலுங்குகிறது.

போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "ஏங் கண்ணு, இந்த வேகாத வெயில்ல?"

"உள்ள வாங்கக்கா. கதவச் சாத்திக்குங்க, அத்தைக்குக் கேட்டுரும்."

முன்சீட்டில் உட்கார்ந்தேன். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது.

"அழுவறதுக்கு இந்த ஊட்டுல வேற எடமே இல்லீங்கக்கா."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மஸ்கட்டில் கம்பெனியை ஆடியிலேயே மூடிவிட்டார்கள். கடைசி நாலு மாசச் சம்பளம் வரவே இல்லை. கையில் இருந்ததை எல்லாம் காருக்கு வரியாகக் கட்டியாயிற்று. ரித்திகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக்கூடக் கையில் ஒன்றும் இல்லை.

"அப்பறம் எதுக்குக் கண்ணு காரு? அங்கயே வித்துப்போட்டு வந்திருக்கலாமில்ல?"

"நானும் அதையேதானுங்க சொன்னேன். வெறுங்கையோட போனா ஏன் வந்தே, வேலை என்னாச்சுன்னு ஊரே கேக்கும். காரோட போனாக் காரப் பத்தி மட்டுந்தான் கேப்பாங்கன்னு அவுரு சொன்னாருங்க."

அப்படித்தானே ஆயிற்று. கொழுந்தனார் இளைத்து வந்ததை அன்றைக்கே பார்த்தேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டேனா?

சொல்லிவிட்டேன். ஜபருல்லா கூப்பிட்டார், காரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார், கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்றார்.

"எப்பக்கா கூப்பிட்டாரு?"

"திங்கக்கெழமை."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மறந்துபோட்டேன் கண்ணு."

"நீங்க எதையும் மறக்க மாட்டீங்களேக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலாம்.

26.5.1995, வெள்ளி
திருப்பூர்க்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மனுஷனுக்கு ஏகக் கோபம். அவர் போனதும் இவர் கூடத்தில் நின்று கத்தினார். "திங்கக்கெழம வந்த போனை இப்பச் சொன்னா எப்படி? யாரு எடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரியா சொன்னாள். "அக்கா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாங்க மாமா. நாந்தான் சொல்ல மறந்துட்டனுங்க."

கொழுந்தனார் அவளைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

நான் சொல்லியிருக்க வேண்டும். அதிலும் அவளே முந்திக்கொண்டாள். இதற்கும் பொறாமைப்படுகிறேன் என்றால் என்னை என்னவென்று சொல்வது.

28.5.1995, ஞாயிறு
காலையில் காபி கொடுக்கும்போது இவரிடம் உண்மையைச் சொன்னேன். போனை எடுத்தது நான், சொல்லாதது நான். பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் கிளம்பிப் போய்விட்டார். மத்தியானம் வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து, "மாருதிப் பணத்தை உன்னக் கேக்காம எடுத்தது என் தப்புதான்" என்றார். நான் காலையில் சொன்னதற்கு அது பதில் இல்லை. இருந்தாலும் சாம்பார் ஊற்றினேன்.

கொழுந்தனாரும் எல்லாவற்றையும் அண்ணனிடம் சொல்லிவிட்டாராம். அத்தையிடம் மட்டும் இன்னும் இல்லை.

9.7.1995, ஞாயிறு
கொழுந்தனார் ஒரு மாசமாகப் பட்டறைக்குப் போகிறார். கைவேலை தெரிந்தவர்தான். கல்லைச் சாய்த்து மாவை வழிக்கிற மாதிரி ஒரு கிரைண்டர் செய்திருக்கிறார். இவர் வாய் ஓயாமல் அதையே பேசுகிறார். எனக்குப் பழையபடி சுருக்கென்றது. பட்டறைக் கணக்கைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவள் நான், அதைப் பற்றி யாரிடமாவது ஒருநாள் பேசினாரா?

சந்தில் திருப்பும்போது காரின் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. கோயம்புத்தூர் முழுக்கத் தேடியும் அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை. காந்திபுரத்தில் ஒரு மெக்கானிக் வேறேதோ வண்டியின் கண்ணாடியை வைத்து வளைத்துக் கட்டிக் கொடுத்தார். இப்போது பார்க்க ஒரு காது பெரியதாக இருக்கிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

15.10.1995, ஞாயிறு
ஈரோட்டுக் கடைக்குப் புது கிரைண்டர் ரெண்டு இன்றைக்கே வேண்டுமாம். டெம்போக்காரன் வரவில்லை. தீபாவளி வேலை, ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை உண்டு; அண்ணனும் தம்பியும் அதை விட்டு நகர முடியாது. "நான் கொண்டுபோறனுங்க மாமா" என்றாள் பிரியா. ஒன்று டிக்கியில், ஒன்று பின்சீட்டில் பெல்ட்டைப் போட்டு. பணம் வாங்கி வர ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட அனுப்பினார்கள்.

முன்சீட்டில் வலது பக்கம் நான். எதிரே வருகிற பஸ் டிரைவர்கள் எல்லாம் என்னைத்தான் பார்த்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை கார் ஓட்டுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். பிரியாவிடம் சொன்னேன். சிரித்ததில் வண்டியையே ஓரம் கட்டிவிட்டாள். மே மாசத்துக்குப் பிறகு எங்களுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இன்றைக்குத்தான்.

அந்தக் கைகளின் மேல் இருந்த பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எப்போது கிளட்சை மிதிக்கிறாள், எப்போது விடுகிறாள் என்று.

பெருந்துறைக்கு முன்னால் ஒரு பஞ்சு லாரி. ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற அவளுக்கு லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது.

"அக்கா, எதுத்தாப்பல ஏதாச்சும் வருதுங்களா?"

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். தூரத்தில் ஒரு பஸ். "இரு கண்ணு." பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. மறுபடியும் பார்த்தேன். வெறும் ரோடு.

"இப்பப் போ."

அவள் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கேட்கவும் இல்லை. நான் சொன்னதும் வண்டியை வெளியே எடுத்துவிட்டாள்.