தேவகி எழுதிய அரண்மனைக் கடிதம்

திருப்புலிவனம்
20-8-1979

அன்பு மகள் தேவகிக்கு அம்மா சொக்கம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அண்ணன், நான், மாடு கன்று எல்லாரும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை. உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. அன்றிலிருந்து மனசு சரியில்லை.

சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை அறுத்துவிட்டோம். களம் நிறைய நெல் குவிந்து கிடக்கும்போது பக்கத்து வயல் செங்கேணி வரப்பில் நின்று விளைச்சல் எப்படி என்று கேட்டான், உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏதோ கீதுப்பா, சுமாருதான்" என்றார். நல்லதை நல்லது என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நாம் எல்லாவற்றையும் சுமார், பரவாயில்லை, ஒப்புக்கு இருக்கிறது என்றே சொல்லிப் பழகியவர்கள். உனக்கும் அதைத்தான் சொல்லி வளர்த்தேன். வைகாசியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ நாக்பூருக்கு ரயில் ஏறின பிறகு எழுதின இரண்டு கடிதத்திலும், பையன் ஏதோ இருக்கிறான், சுமாராகப் பால் குடிக்கிறான், வீடு ஒப்புக்கு ஒரு வீடு, மாமியார் பரவாயில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். இந்தக் கடிதத்தில் என்னடி என்றால் பையன் தங்க விக்கிரகமாம், வீடு அரண்மனையாம், மாமியார் உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறாராம். பெற்ற பிள்ளையைத் தங்க விக்கிரகம் என்று நீயாக எழுதுவாயா? எழுதமாட்டாய். யார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள்?

கையெழுத்து உன்னுடையதுதான், நன்றாகப் பார்த்துவிட்டேன். ஆனால் மேல்விலாசம் வேறு யாரோ எழுதினது. எப்போதும் நீ இன்லண்டு கடிதத்தின் ஓரத்தில் எல்லாம் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதி, ஒட்டுகிற இடத்தைக்கூட விடமாட்டாய், நான் கத்திரித்துப் பிரிக்கும்போது நாலு எழுத்து போய்விடும். இந்தத் தடவை கால் பக்கம் காலியாகக் கிடக்கிறது. சிவப்பு மாடு கன்று போட்டதா என்றுகூட நீ கேட்கவில்லை. டீச்சர் வேலை பார்க்கிற மலர்க்கொடியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், அவள் ரொம்ப நல்ல கடிதம் அத்தை என்கிறாள். தபால்காரரிடம் பசையை யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். உன் அப்பாவோ டீக்கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டு வந்து, "பொண்ணு நல்லாக்கீறேன்னு எய்தினாக்கூட உனுக்கு சந்தேகமா" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் நாக்பூருக்குப் போகவேண்டும் என்றதற்கு, கூப்பிடாத வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது, மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்றார்.

அப்போதுதான் இத்தனை வருஷம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம், உன் அண்ணன் சடையப்பன் வயிற்றில் இருந்தான். அப்போது இந்த வீட்டில் உன் பவளம் அத்தை வைத்ததுதான் சட்டம். உன் அப்பா நெல் வண்டியோடு காஞ்சிபுரம் போயிருந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு போடவில்லை. மூன்றாம் நாள் ஒரு கார்டைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கூரத்தில் இருந்த உன் தாத்தாவுக்கு, என் நைனாவுக்கு, எழுத வைத்தாள். ராஜாத்தி மாதிரி இருக்கிறேன், குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன். நைனா அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டி எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தாராம். எட்டு மாதம் யாரும் என்னை வந்து பார்க்கவில்லை. அவர் பேரில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது தேவகி, செத்துப்போன மனுஷன் பேரில் கோபம் வைத்திருக்கிறேன்.

இதைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றார். சொல்லியிருந்தால் அன்றைக்கு நீங்கள் நம்பியிருப்பீர்களா என்று கேட்டேன். மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பட்டணம் போய் எனக்கும் சடையப்பனுக்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்த இரண்டு மூன்று நாளில் நாங்கள் அங்கே இருப்போம். இதை மாப்பிள்ளை பாண்டுரங்கன் படித்தாலும் சரி, அவர் அம்மா படித்தாலும் சரி, எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. நான் நினைத்தது தப்பு என்றால் சம்பந்தியம்மா காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் பேரனைக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவிடுவேன். தப்பாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் சாமிக்கு விளக்கேற்றுகிறேன். தப்பு இல்லை என்றால் நீ எனக்கு எதையும் விவரித்துச் சொல்லவேண்டாம். அவர்கள் முன்னால் வாயைத் திறக்கவே வேண்டாம். என்னோடு வருகிறாயா என்று ஒரே ஒரு தடவை கேட்பேன், தலையை ஆட்டு, போதும்.

நீயும் என் பேரனும் நூறு வயசு இருக்கவேண்டும், புலிவனத்து ஈஸ்வரன் உங்கள் பக்கம் இருப்பார். உன் பெட்டிச் சாவியை யாரிடமும் கொடுக்காதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமலே புறப்பட்டுவிட்ட அம்மா,
ஏ. சொக்கம்மாள்