தீபாவளி விருந்துக்கு வந்த புகை

என் பவளம் அக்காவுக்கு,

உன் வீட்டின் பின்பக்க ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதால், உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. அத்தானின் மூச்சு.
2. வீட்டை விற்கும் பேச்சு.
3. பின்னால் இருந்த ஆலை மூடப்பட்டது; அது தற்செயல், என் பங்கு ஒன்றும் இல்லை என்பது.
4. நம் தாமான் குடியிருப்புக்காரர்களின் சொந்தக் குப்பை.

"நம்பர் எதுக்குடா, விஷயத்தைச் சொல்லு" என்பாய். ஓய்வு பெறும்வரை பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். நம்பர் போடாவிட்டால் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே குழம்பிவிடுகிறது.

இதை வேறு சிலரும் படிக்கலாம். அவர்களுக்காக நமக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். கிள்ளானில் நம் வீட்டு வரிசைக்குப் பின்னால் பெரிய லொங்காங் ஓடுகிறது. அந்தச் சாக்கடைக்கு அப்பால், சுற்றிலும் தகரம் அடைத்த ஒரு பழைய கிடங்கு. அதற்கு ஒருநாள் லோரிகள் வரத் தொடங்கின. கப்பலில் எங்கிருந்தோ வந்த பிளாஸ்டிக் குப்பை. யாரோ எந்த நாட்டிலோ குடித்த பாலின் பாக்கெட் நம் துணிக்கொடியில் வந்து மாட்டிக்கொள்ளும். உருக்கி விற்க முடிந்ததை உருக்கினார்கள், முடியாததை எரித்தார்கள். பழைய மின்கம்பிகளையும் போட்டு எரித்துச் செம்பை எடுத்தார்கள். அந்தக் கம்பிகளின் உறை எரிந்தால் என்ன வாயு வரும் என்பதைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியவன், மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

நீ உட்காரவில்லை. லொங்காங் மேல் இருக்கும் சிறிய பாலத்தைத் தாண்டிப் போய் அவர்கள் கேட்டில் நின்று சத்தம் போட்டாய். நான் மனு எழுதினேன். பணிவாக, பிழையில்லாமல் எழுதினேன். "புகைக்குப் படிக்கத் தெரியுமாடா?" என்று கேட்டாய். நான் அடுத்த மனுவை எழுதினேன்.

உன்னைக் கொண்டுபோனது புகை அல்ல, ரத்தக் கொதிப்பு என்றுதான் டாக்டர் சொன்னார். அதனால் உன் மரணத்தை அந்த ஆலையின் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அத்தானின் நுரையீரலைச் சேர்க்கிறேன். அதற்கு டாக்டரே ஆமாம் என்றார்.

நீ போன பிறகு அவருக்கு இருமல் அதிகமானது. சட்டைப் பொத்தான் போடக்கூட நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவார். மாதத்தில் பாதி நாள் கிளினிக்கில் முகமூடியை மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். உன் மகன் ரவி சுபாங் ஜெயாவில் தன் அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்தான். வந்தவன் வாசல் வேலியில் 'விற்பனைக்கு' என்ற பலகையைக் கட்டிவிட்டான்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க. அப்பா இங்கயே கெடந்து சாகணுமா?" என்றான். கோபமாகத்தான் சொன்னான், ஆனால் கண் கலங்கியிருந்தது. உன் மகன் கெட்டவன் இல்லை, அக்கா.

அத்தான் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "பதினேழாவது மாடில நான் என்னடா செய்வேன்? காக்காவுக்குச் சம்பந்தி ஆகவா?"

"ஏர்கான் இருக்குப்பா. சுத்தமான காத்து."

"ஏர்கான்ல ஒங்கம்மா சட்டிபானை எல்லாம் இருக்கா?"

ஆனால் தீபாவளி முடிந்ததும் அழைத்துப் போவது என்று முடிவாகிவிட்டது. அத்தானும் தலையாட்டிவிட்டார். அவர் தலையாட்டியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விவாதம் செய்யக்கூட அவரிடம் மூச்சு இல்லை என்று அர்த்தம்.

உன் துக்க வருஷம் கழிந்து வந்த முதல் தீபாவளி அது. அதற்குச் சில நாள் முன்னால் ஒரு காலை அத்தான் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மச்சான், இந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ் வைக்கிறோம். இந்த வீட்டுல கடைசி."

"அத்தான், புகை வந்தா?"

"வந்தா அதுக்கும் ஒரு தட்டு வை லா."

நீ யாரையெல்லாம் அழைப்பாயோ அவர்களையெல்லாம் அழைக்கச் சொன்னார். தபால்காரர், குப்பை லோரிக்காரர்கள், நீ நடத்திய கேன்டீனில் உன்னிடம் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். கடைசியில், "அந்த மஜ்லிஸ் பையனையும் கூப்பிடு. மூணு தடவ வெயில்ல வந்து வெறுந்தண்ணி குடிச்சிட்டுப் போனான், பாவம்" என்றார்.

மஜ்லிஸ் பையன் என்றால் ஃபைசால், நகராண்மைக் கழகத்தின் சுகாதார அதிகாரி. என் மனுக்களின்பேரில் வந்தவர். அவர் வரும்போதெல்லாம் ஆலையில் ஒன்றும் எரியாது. மஜ்லிஸின் வெள்ளை வேன் சந்தி திரும்புவதை அவர்கள் ஆள் பார்த்துவிடுவான் என்பதை நம் தாமானில் எல்லோரும் அறிவோம். நிரூபிக்கத்தான் யாராலும் முடியவில்லை.

அவருக்குப் போன் செய்யத் தயங்கினேன். புகார் கொடுத்தவனே விருந்துக்கும் அழைத்தால் அது லஞ்சம் ஆகிவிடாதா? அதை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "அங்கிள், முறுக்கு சாப்பிட்டதுக்கு யாரும் என்னைப் பிடிக்க மாட்டாங்க."

தீபாவளியன்று மதியம் வீடு நிறைந்துவிட்டது. நீ இருந்தால் குறை சொல்லியிருப்பாய், ஏனென்றால் கோழிக்கறியில் உப்பு தூக்கல். பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கிய முறுக்குதான், சுட ஆளில்லை. ஃபைசால் தன் சொந்தக் காரில், மனைவி குழந்தையோடு, பாத்திக் சட்டையில் வந்திருந்தார். அது வெள்ளை வேன் இல்லை. அன்று பொது விடுமுறை வேறு. அரசாங்க அலுவலகம் எதுவும் திறந்திருக்காது என்று நினைத்து, சேர்ந்திருந்த கழிவு அத்தனையையும் கொளுத்த அவர்கள் அந்த நாளையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

புகை பின்பக்கமாக வந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? எல்லோரும் எழுந்து தட்டுகளை மூடினோம். ஒருவர் ஜன்னலைச் சாத்தினார், ஒருவர் ஈரத்துணியைக் கதவிடுக்கில் செருகினார். பேச்சுகூட நிற்கவில்லை. பங்சாரிலிருந்து வந்திருந்த ரவியின் நண்பர் ஒருவர்தான், "என்ன எரியுது?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு லெட்சுமி சொன்னாள்: "ஒண்ணும் இல்ல லா, தெனமும் வரும். நீங்க சாப்பிடுங்க."

ஃபைசால் கரண்டியைக் கீழே வைத்தார். "அங்கிள், இதுதானா?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அந்த நேரத்தில் அத்தானுக்கு இருமல் பிடித்தது. உட்கார்ந்த நாற்காலியே ஆடியது. உதடு நிறம் மாறியதும் ரவி மருந்துக்கு ஓடினான்.

அதன்பிறகு நடந்ததை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. என் கையில் முறுக்குத் தட்டு இருந்தது. "வாங்க" என்று ஃபைசாலிடம் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து நடந்தேன். தட்டை வைக்க மறந்துவிட்டேன். லொங்காங் பாலத்தைத் தாண்டினேன். அத்தனை ஆண்டுகளில் நான் அதைத் தாண்டியதே இல்லை, உனக்குத் தெரியும்.

கேட் அகலத் திறந்திருந்தது. ஒரு நேப்பாளக் காவலாளி குறுக்கே வந்தான். சின்ன வயது. உள்ளே போகக்கூடாது என்று மலாயில் சொன்னான். நான் "தீபாவளி" என்று சொல்லித் தட்டை நீட்டினேன். அவன் தட்டைப் பார்த்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு முறுக்கை எடுத்தான். தன் ஊரிலும் இப்போது பண்டிகைதான், தன் அம்மாவும் இப்படி வட்டமாக ஒன்று சுடுவார் என்றான். இன்னொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எடுத்துக்கொண்டான்.

எனக்குப் பின்னால் ஃபைசால் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு நேரே, ஒளிவுமறைவில்லாமல், வீட்டு உயரத்துக்கு ஒரு குவியல் எரிந்தது. நான் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை, அக்கா. அதைப் பிறகு கோர்ட்டில் கேட்டபோதும் தெளிவாகச் சொன்னேன்.

சட்டைப் பொத்தானில் கணக்கர் அட்டை தொங்க ஒருவர் உள்ளிருந்து ஓடிவந்தார். "இன்னைக்கு லீவுதானே?" என்று அதிகாரியையே கேட்டார்.

"எனக்கு லீவுதான். மூக்குக்கு லீவு கிடையாது" என்றார் ஃபைசால். பிறகு வரிசையாகப் போன் போட்டார்.

அன்று மாலைக்குள் பொம்பா வண்டி வந்து தீயை அணைத்தது. மறுநாள் வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேட்டில் முத்திரை வைத்தார்கள், மின்சாரத்தைத் துண்டித்தார்கள். எரிக்க அவர்களிடம் எந்த அனுமதியும் இல்லை. வழக்கு நடந்து தீர்ப்பாகி, மிச்சமிருந்த குவியலை முறையான இடத்துக்குக் கொண்டுபோக லோரிகள் வந்தபோது, தாமானே லொங்காங் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. லெட்சுமி பலூன்கூட வாங்கிவந்துவிட்டாள். இனி புகையே வராதா என்று கேட்டவர்களுக்கு, இந்தக் கேட்டிலிருந்து வராது என்று மட்டும் சொன்னேன். அந்தக் காவலாளித் தம்பிக்கு வேலை போய்விட்டதே என்று எனக்கு உறுத்தல். முத்திரை வைத்த நாளில் அத்தானிடம் நம்பர் வாங்கிப் போனவன், வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாக அவருக்குப் போன் செய்தான். முறுக்கைப் பற்றியும் விசாரித்தானாம்.

நான்காவது விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபைசால் மறுபடி வந்தபோது ஆலையைப் பார்க்கவில்லை, நம் பக்கத்து லொங்காங் கரையைப் பார்த்தார். கருகிய புல், பாதி எரிந்த மெத்தை, மழைத்தண்ணீர் நின்ற டின்கள். "இது யாரோடது, அங்கிள்?" என்றார். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். நீ எத்தனை முறை இதற்காகச் சண்டை போட்டிருப்பாய்.

"காஞ்ச எலைதானே கொளுத்துறோம்" என்றாள் லெட்சுமி.

"எல மட்டுமா? ஒம் பேரனோட பேம்பர்ஸ் மரத்துல காய்ச்சதா?" என்று அத்தான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். அவளே சிரித்துவிட்டாள்.

இப்போது நம் வரிசையில் யாரும் தீ வைப்பதில்லை. காய்கறித் தோலும் இலையும் பீப்பாயில் மக்குகின்றன. மீதியைப் பிரித்துக் கட்டி லோரி வரும் நாளில் வைக்கிறோம். டின்களை அகற்றிய பிறகு கொசு குறைந்திருக்கிறது. டெங்கி இந்த முறை நம் வரிசைக்கு வரவில்லை. அதற்கு இது மட்டும்தான் காரணமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் வரவில்லை.

அத்தானின் மூச்சு. போன நுரையீரல் திரும்பி வராது, இனிமேல் கெடாமல் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் அதை அப்படியே உனக்குச் சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் இன்று காலை அவர் பாசாருக்கு நடந்தே போனார். மீன்காரரிடம் விலை பேசி, திட்டி, கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய், திரும்ப முதல் கடைக்கே வந்து வாங்கினார். இவ்வளவையும் ஒரே மூச்சில். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

ரவி போன மாதம் வந்து வேலியிலிருந்த பலகையை அவிழ்த்தான். "இத என்னப்பா செய்றது?" என்றான். இப்போது அது குப்பை மக்கும் பீப்பாய்க்கு மூடி. 'விற்பனைக்கு' என்ற எழுத்து வெளியே தெரியும்படிதான் அத்தான் வைத்திருக்கிறார். போகிறவர்கள் விலை கேட்டால் பீப்பாயைத் திறந்து காட்டுகிறார்.

இரண்டு தாமான் தள்ளி இன்னொரு கிடங்கில் இரவில் ஏதோ எரிகிறதாம். அங்கிருந்து நான்கு பேர், போன சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தார்கள். "இங்க மூட வெச்சது யாரு?" என்று கேட்டார்கள். அத்தான் என்னைக் காட்டினார். நான் மறுத்தேன். காற்று அப்படி அடித்தது, அன்று லீவாக இருந்தது, அவர்கள் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள், எல்லாம் தற்செயல் என்று வரிசையாகச் சொன்னேன்.

அத்தான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு வீட்டுல அம்பது பேரு இருந்தோம் மச்சான். கதவச் சாத்தத்தான் எல்லாரும் எந்திரிச்சோம். தொறந்தது யாரு?"

அவர்களோடு போகிறேன், அக்கா. மனு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார மாட்டேன். அந்தக் கிடங்கின் கேட்டுக்கு முன்னால் நின்று வாய் திறந்து பேசுவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியதில் பாதி தவறு. ஆலை மூடப்பட்டது உண்மை. என் பங்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை அல்ல. பேனாவால் எழுதிவிட்டேன், அழிக்க முடியவில்லை. நீயே திருத்திப் படித்துக்கொள்.

உன் கூடப்பிறந்த தம்பி,
கதிரேசன்