குறி சொல்லாத கன்னியம்மா

என் கண்ணுக்கு,

மாமல்லபுரம் கடற்கரையில் மாசி மகத்தன்று விடியும்வரை உனக்காக நின்றவர்கள்: நான், உன் அப்பா, மாப்பிள்ளை பூவராகன், அவனைப் பெற்றவர்கள், தாலியைக் கையில் வைத்திருந்த உன் தாய்மாமன். நம் இருளர் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தரும் தாம்பரம் மையத்திலிருந்து ஜீவிதா மேடமும் வந்திருந்தார். உனக்கு ஓசூரில் வேலை பார்த்துக் கொடுத்தவர் ஆயிற்றே.

"இன்னாம்மா, பொண்ணு எங்கே? என் புள்ள அலைக்கா தாலி கட்டுவான்?" என்று பூவராகனின் அம்மா கேட்டாள். கம்பெனியில் லீவு தரவில்லை என்று நானாகச் சொல்லிவைத்தேன். பூவராகன் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான்.

மேடம் என்னைத் தனியே அழைத்தார். "லீவு குடுத்துட்டாங்கக்கா. நான்தான் பேசி வாங்கினேன். ஹாஸ்டல்லயேதான் இருக்கா."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

பிறகு மணலில் ஏழு படி கட்டி நம் குலதெய்வம் கன்னியம்மாவுக்குச் சூடம் ஏற்றினோம். "பொண்ணு ஏன் வரலன்னு ஆத்தாளையே கேட்டுடலாம்," என்றான் உன் மாமன். வருஷா வருஷம் என்மேல்தானே வந்து குறி சொல்வாள்? பம்பைக்காரர் கை ஓயும்வரை அடித்தார். அவள் வரவில்லை. பொய் சொன்ன வாயில் எப்படி வருவாள்?

மாப்பிள்ளை வீட்டார் பங்குனியில் வேறு நாள் பார்க்கிறார்கள். நீ போனை எடுப்பதில்லை, அதனால் இதை மேடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். வேண்டாமென்றால் வேண்டாமென்றே எழுது கண்ணு. அவர்கள் வாசலில் போய் நானே சொல்லிவிட்டு வருகிறேன்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா