மூடியைத் திறக்காத ஒரு மணி நேரம்

என் அன்பு மச்சான் குணாவுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. அடுத்த தெருவில் இருக்கிறவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? உன் வீட்டு வேலிக்கு வெளியே நின்று ஒரு ஹார்ன் அடித்தால் போதும், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயே வந்துவிடுவாய். இப்போது எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அதையும் ஊரறிய எழுதுகிறேன், ஏனென்றால் உன்னை நான் அவமானப்படுத்தியதும் ஊரறியத்தான்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் நிஷா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தினமும் கமூட்டர் ரயிலில் போய் வருகிறாள். என் தங்கச்சி, அதுதான் உன் கலா, நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு ஆசை. சமைக்கிறாள், பாசாருக்குப் போகிறாள், கோயிலுக்குப் போகிறாள். ஆனால் கட்டிலில் உன் பக்கம் முழுக்க மடித்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறாள். நான் இன்னும் போர்ட் கிள்ளானில் அதே கிடங்கில் அதே ஃபோர்க்லிப்ட்தான் ஓட்டுகிறேன். நீ உட்காரும் வண்டியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவன் ரிவர்ஸ் எடுக்கும் அழகைப் பார்த்தால் நீ எழுந்து வந்து திட்டுவாய்.

நம்முடைய தோம்பு அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? பண்டமாரான் பட்டறையில் எண்ணெய்த் தோம்பை, அந்த இரும்புப் பீப்பாயை, பாதியாக வெட்டி, நாலு கால் வைத்து வெல்டிங் செய்து வாங்கினோமே. அப்போது நம் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓஃப் கிடைத்தால் எங்கள் வீட்டுப் பின்னால்தான் கிடப்போம். நெருப்பு என் பொறுப்பு, மசாலா உன் பொறுப்பு. செரை என்கிற எலுமிச்சைப்புல் தண்டின் அடியை நசுக்கி, எண்ணெயில் தோய்த்து, கோழிக்குச் சாயம் அடிப்பதுபோல் நீ தடவுவாய். நான் அட்டையால் விசிறுவேன். வெந்ததா என்று பார்க்க நமக்கு ஒரே வழிதான் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் பிய்த்து வாயில் போட வேண்டும். வேகுமுன் பாதிக் கோழி இப்படியே காலியாகிவிடும்.

கலா உன்னை முதன்முதலில் பார்த்ததே அந்தப் புகைக்கு நடுவில்தான். முகமெல்லாம் கரி, கண் இரண்டும் சிவப்பு. "அண்ணே, யாரு இது, பார்க்கவே பயமா இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். ஒரு வருடத்தில் அந்தப் பயமெல்லாம் தெளிந்து உன்னைத்தான் கட்டுவேன் என்று நின்றாள்.

ஒருமுறை காஜாங்குக்கு, குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டும் சத்தே சாப்பிடப் போனோம். நீ சாப்பிடுவதை விட்டுவிட்டு, அங்கே விசிறிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றாய். திரும்பி வந்து, "அவரு கை வேற, உன் கை வேற மச்சான். உன்னுது விசிறி இல்ல, புயலு" என்றாய். கோபத்தில் வீடு வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. அப்படித்தானே இருந்தோம் நாம்? காலையில் சண்டை, சாயங்காலம் ஒரே தட்டு.

பிறகு நீ அந்த கேஸ் கிரில்லை வாங்கினாய்.

அதைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே எனக்குப் போன் செய்தாய். வந்து பார்த்தேன். கறுப்பு மூடி, பக்கத்தில் ஒரு குமிழ், எண் காட்டும் சின்னத் திரை, கோழிக்குள் குத்தி வைக்க வயரோடு ஓர் ஊசி. உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

"மச்சான், இங்க பாரு. நூத்தி எம்பதுல வச்சா நூத்தி எம்பதுலயே நிக்கும். அதுவே கேஸைக் கூட்டும், அதுவே குறைக்கும். மூடியைப் போட்டுட்டு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம்லா."

"நாம என்னாடா புதுசா பேசப் போறோம்?"

"புகை இல்ல மச்சான்."

"புகை இல்லாட்டி அது என்ன பார்பிகியூ? பேசாம வீட்டுக்குள்ள ஓவன்ல வைக்க வேண்டியதுதானே."

நீ சிரித்தாய். குமிழைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? இவனுக்கு இனி நான் வேண்டாம் என்றுதான் தோன்றியது. நெருப்பு என் பொறுப்பு என்று இருபத்தைந்து வருடம் இருந்தவனை ஒரு குமிழ் வேலையை விட்டுத் தூக்கிவிட்டது. இதை உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அந்தத் தீபாவளிக்கு உன் வீட்டில் ஓப்பன் ஹவுஸ், ஊருக்கே வாசல் திறந்து விருந்து. நான் செய்த காரியத்தை மற்றவர்களுக்காகவும் சொல்ல வேண்டும். தோம்பு அடுப்பைச் சின்ன லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து, உன் வீட்டு வளவிலேயே, உன் கிரில்லுக்கு எதிரிலேயே மூட்டினேன். "வாங்க, வாங்க! உயிர் உள்ள நெருப்பு இங்க இருக்கு. அங்க மாப்பிள்ளை கேஸ்ல கோழிக்குக் காய்ச்சல் பாக்குறாரு!" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

காற்று திரும்பியது. புகை நேராக உன் பக்கம் போனது. நீ இருமினாய், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாய். "பாத்தீங்களா, கேஸ்காரருக்கு நம்ம புகை ஒத்துக்கல!" என்றேன் நான். நீ ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. கலா உன் கிரில்லில் வெந்த கோழியில் ஒரு தொடையை எனக்குக் கொண்டுவந்தாள். நான் அதைத் தொடவில்லை. "ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்கு, யாராச்சும் நோயாளிக்குக் குடு" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. போனால் "வாண்ணே", கிளம்பினால் "சரிண்ணே". அவ்வளவுதான். புருஷனைக் கேலி செய்த கோபம், இரண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். ஏழு மாதத்தில் நீயே போய்விட்டாய். நிமோனியா என்றார்கள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை மச்சான்? தூக்குவதற்குத் தோள் கொடுத்தேன், பந்தல் போட்டேன், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை.

போன தீபாவளி துக்கத்தில் போயிற்று. இந்த வருடம்தான் உனக்கு முதல் படையல். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் நிஷா போன் செய்தாள்.

"மாமா, நாளன்னிக்கு அப்பாவுக்குப் படைக்கிறோம். கோழியை அப்பாவோட கிரில்லுல சுடணும்னு அம்மா சொல்றாங்க. நீங்கதான் சுடணுமாம்."

"நானா? அம்மாவே சொன்னாளா?"

"அவங்கதான் சொன்னாங்க. எனக்கும் ஆச்சரியமா இருந்துச்சு."

இந்தப் படையல் கெட்டுப்போனால் இனிமேல் கலா என்னைக் கூப்பிட மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. பண்டிகைக்கு முதல் நாள் மதியமே வந்துவிட்டேன். கிரில்லின் உறையைக் கழற்றினேன். நீ போனதிலிருந்து யாரும் தொடவில்லை என்றாலும் உள்ளே நீ தேய்த்துத் துடைத்தபடி அப்படியே இருந்தது. புதுக் கேஸ் தோம்பு மாட்டினேன், குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று பார்த்தேன். கீழே கதவைத் திறந்தால், உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உன் கோழிக்கிறுக்கல். "முழுக் கோழி 180. தொடைக்குள்ள 78 வந்தா எடு. தனா வந்தா மூடியைத் திறக்க விடாதே."

அந்தத் தாளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நான் வெகுநேரம் எழவில்லை. நான் ஒருநாள் இதன் பக்கத்தில் வந்து நிற்பேன் என்று நினைத்துத்தானே எழுதினாய்?

மசாலாவை உன் பக்குவத்திலேயே கலா அரைத்து வைத்திருந்தாள். கோழியை விரித்து வைத்து, ஊசியைத் தொடையில் குத்தி, மூடியைப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கை பரபரத்தது. திறந்தேன். சூடு சடசடவென்று நூற்றிருபதுக்கு இறங்கியது. ஏறும்வரை காத்திருந்து மறுபடியும் திறந்தேன். மூன்றாம் தடவை ஓரத்தில் கருகிய தோலைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். பழக்கம்! கலா ஓடிவந்து என் கையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"அண்ணே! படைக்காம வாயில வைக்கிறியா? உனக்கு அறிவு இருக்கா?"

"வெந்துச்சான்னு எப்படி பாக்குறது?"

"அதான் அவரு எழுதி வச்சிருக்காருல்ல. உக்காரு."

படையல் சோற்றை யாரும் ருசி பார்க்கக் கூடாது. அது எனக்குத் தெரியாதா? ஆனால் நாக்கில் வைக்காமல் வெந்ததா வேகவில்லையா என்று சொல்ல எனக்குத் தெரியாது. உனக்கு முதல் இலையில் எலும்போரம் இரத்தத்தோடு ஒரு கோழியை வைத்துவிட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் வருவது? நீ எழுதியதை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. உட்கார்ந்தேன். அவளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம். நெருப்பைப் பார்க்க வேண்டாம், விசிற வேண்டாம், புரட்ட வேண்டாம். கரி அடுப்பில் நின்ற காலத்தில் என் முகம் நெருப்பைப் பார்த்திருக்கும், முதுகுதான் மனிதர்களைப் பார்த்திருக்கும். என் தங்கச்சியோடு இப்படி எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

"அவருக்கு நுரையீரல்ல பிரச்சினை இருந்துச்சுண்ணே," என்றாள். "கிரில் வாங்குறதுக்கு மூணு மாசம் முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு. சிகரெட் கூடாது, கரிப்புகை பக்கமே போகக்கூடாதுன்னு."

சிகரெட்டை ஏன்டா விட்டாய் என்று கேட்டபோது, வாய் நாறுகிறது என்று கலா திட்டுகிறாள் என்றாயே.

"ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'தனாகிட்ட மட்டும் சொல்லாதே. தெரிஞ்சா அவன் அப்புறம் ஜென்மத்துக்கும் அடுப்பு மூட்டமாட்டான். அவனுக்கு அது ஒன்னுதான் சந்தோஷம்'னாரு." அவள் என்னைப் பார்க்காமல் திரையில் ஏறிக்கொண்டிருந்த எண்ணைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னிக்கு ஓப்பன் ஹவுஸ்ல உள்ள போனாருல்ல, கட்டில்ல உக்காந்து மூச்சு வாங்குறாரு. அப்பவும் வெளிய போய் உன்கிட்ட ஒன்னும் சொல்லக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் தட்டை எடுத்துக்கிட்டு வந்தேன். நீ நோயாளிக்குக் குடுன்னு சொன்ன."

நான் அழுதேன் மச்சான். அறுபது வயதை நெருங்குகிறவன், பட்டப்பகலில், பக்கத்து வீட்டு மலாய் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டு பார்க்கப் பார்க்க அழுதேன். கலா தடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவளும் அழுதாள். கிரில் 'பீப்' என்று கத்தியதும்தான் இருவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தோம். எழுபத்தெட்டு.

இலை போட்டாள். நீ குடிக்கும் பால் சேர்க்காத கோப்பி ஓ, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், முறுக்கு, நெய்யுருண்டை, நடுவில் முழுக் கோழி. கற்பூரம் காட்டிவிட்டு, நீ நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றோம். வெந்திருக்குமா? முகத்தைச் சுளிப்பாயா? கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனதும் கலா முதலில் தொடையைத்தான் பிய்த்தாள். எலும்பு தானாகக் கழன்று வந்தது. சாறு தெளிவாக வழிந்தது.

அந்தத் தொடையை என் தட்டில் வைத்தாள். "சாப்பிடுண்ணே" என்றாள்.

புகை வாசம் இல்லைதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தோல் மொறுமொறுப்பாக, உள்ளே கடைசிவரை பதமாக, உன் மசாலா எலும்புவரை இறங்கியிருந்தது. நல்லா இருந்துச்சு மச்சான். ரொம்ப நல்லா இருந்துச்சு. அன்றைக்கு உன் வளவில், அத்தனை பேருக்கு முன்னால், இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டும். உன் காதில் விழ வேண்டிய வார்த்தையை உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுப்பு மூட்டுவதை நிறுத்த மாட்டேன், நான் அதை விட்டுவிடக் கூடாது என்றுதானே நீ மறைத்தாய். ஆனால் இனிமேல் யாராவது என் புகையைவிட்டு எழுந்து உள்ளே போனால், நான் சிரிக்க மாட்டேன். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, பின்னாலேயே போய்க் கதவைத் தட்டி, உடம்புக்கு என்ன என்று கேட்பேன்.

உன் கலாவின் அண்ணன்,
உன்னைக் கேட்காமல் விட்ட மச்சான்,
தனபாலன்
பண்டமாரான்