பதினோரு தாய்மார்களின் கையெழுத்து

டீச்சர்,

உங்கள் பெயருக்குப் போன என் மாத மடல் நேற்று திரும்பி வந்தது. உறையின் மேல் நீல மையில் தபால்காரர் எழுதியிருந்தார்: "பெறுபவர் காலமாகிவிட்டார்." நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. முகவரிப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்க வேண்டியவன் நான்தான். ஒவ்வொரு மாதமும் அந்த வரி வந்ததும் பார்க்காததுபோல் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இத்தனை மாதமும் உங்கள் மகள் வாங்கி வைத்திருக்கிறாள். அவள் இப்போது வேலை மாற்றலாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாளாம், வீடு பூட்டிக் கிடக்கிறதாம். திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

மடலைத் தொடங்கியபோது உங்களை எனக்குத் தெரியாது. தேனியில் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர் வேலை. பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று உலகம் முழுக்க யார் யாரோ ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிக் குவிக்கிறார்கள், அதில் ஒரு வரிகூட நம் பக்கத்தில் வகுப்பெடுக்கிறவர்களிடம் வந்து சேர்வதில்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம். மாதம் ஆறு பக்கம். பழனிசெட்டிபட்டியில் ஓர் அச்சகத்தில் அடித்து, போடியிலிருந்து கேரள எல்லையோரம் லோயர் கேம்ப் வரை பள்ளிகளுக்கு அனுப்பினேன். கல்வி அலுவலகங்களுக்கும் சில பிரதிகள் போயின. பாடம் நடத்துகிறவரும் படிக்க வேண்டும், ஆணை போடுகிறவரும் படிக்க வேண்டும் என்பது ஆசை. முதல் ஒரு வருடம் எந்தப் பக்கமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை.

பிறகு உங்கள் அஞ்சலட்டை வந்தது. "ஐயா, மூன்றாம் பக்கத்தில் உள்ளதை இரண்டு வாரம் செய்து பார்த்தேன். என் வகுப்பில் நடக்கவில்லை. காரணம் தெரிந்தால் எழுதவும்." அவ்வளவுதான். கேள்வி கேட்டதும் பதிலுக்கு அவசரப்படாமல் சற்று நேரம் காத்திருந்தால் கூச்சப்படும் பிள்ளைகளும் வாய் திறப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ஆராய்ச்சியை அஞ்சலட்டையில் மறுப்பதா? இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மறுபடியும் அட்டை வந்தது. "ஐயா, மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பின் பதிலுக்கு நான் காத்திருந்தால் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சந்தை ஆகிவிடுகிறது." பத்து நாள் கழித்து இன்னொன்று. "மற்ற இரண்டு வகுப்புக்கும் முதலில் சிலேட்டில் வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். இப்போது நடக்கிறது. இதுவரை பேசாத பையன் இன்று பேசினான்."

பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த மூன்றாவது அட்டையைக் காட்டினேன் டீச்சர். முதல் இரண்டையும் யாரிடமும் காட்டவில்லை.

அதற்கு அடுத்த வருடம், பள்ளி திறந்த மாதத்து மடலில், பெற்றோர் பிள்ளைகளின் படிப்பில் பங்கெடுத்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரையைச் சுருக்கிப் போட்டேன். "பாதிப் பள்ளிக்கூடம் வீட்டில்" என்று தலைப்பு. மாவட்டத்தில் அப்போதிருந்த ஓர் அதிகாரிக்கு அது பிடித்துப்போனது. இரண்டே வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. தினமும் வீட்டுப்பாட நோட்டில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும், தலைமையாசிரியர்கள் பார்த்து வாரா வாரம் அறிக்கை தர வேண்டும். "உங்க மடலப் படிச்சுட்டுத்தான் சார் இத யோசிச்சேன்" என்று போனில் சொன்னார். நான் எழுதியது ஓர் ஆணையாக மாறியிருக்கிறது! சுற்றறிக்கையை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவியிடம் காட்டினேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் நீங்கள் வந்தீர்கள். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கனமான துணிப்பை. "மடல் போடுறது நீங்கதான சார்? நாந்தான் அஞ்சலட்டை டீச்சர்" என்றீர்கள். உட்காரச் சொல்வதற்குள் பையை என் மேசையில் கவிழ்த்தீர்கள். எல்லாம் பிள்ளைகளின் நோட்டுகள்.

"பாருங்க சார். எங்க ஊர்ல தாய்மாரு முக்காவாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா நோட்டுல கையெழுத்து இருக்கு."

புரட்டினேன். ஒவ்வொரு பெயரும் வேறு. எழுத்து மட்டும் ஒன்று. வலப்பக்கம் சாய்ந்த, அழகான எழுத்து.

"நாலாப்புப் பிள்ள ஒருத்தி போட்டது. பதினோரு தாய்க்கும் அவ ஒருத்திதான் கை."

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. அடியில் கிடந்த ஒரு நோட்டை எடுத்துத் திறந்து வைத்தீர்கள். அதில் கையெழுத்தே இல்லை.

"இது தனலட்சுமி நோட்டு. அஞ்சாப்பு. எல்லாப் பிள்ளையும் அவகிட்டப் போட்டு வாங்குதுக, இவ மட்டும் பொய்க் கையெழுத்து வேண்டாம்னுட்டா. போன புதன்கிழமையில இருந்து பள்ளிக்கூடத்துக்கு வரல."

விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற பெண்களைத் தேனியில் இருக்கிற எவருக்கும் தெரியும். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள் என்பதும் தெரியும். எனக்கும் தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க எழுதுனது தப்புன்னு சொல்ல வரல சார்" என்றீர்கள். "அந்த ஆராய்ச்சியில இருந்த தாய்மாரு எத்தன மணிக்கு வேலைக்குப் போனாக? எத்தன மணிக்கு வந்தாக? அத நீங்க எழுதலையே."

அலமாரியைத் திறந்து கட்டுரையை எடுத்தேன். கைகள் தாமாகக் கடைசிப் பக்கங்களுக்குப் போயின. அங்கே அந்த ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருந்தார்கள். நாங்கள் பார்த்த பெற்றோர் படித்தவர்கள், மாலையில் வீட்டில் இருப்பவர்கள். எல்லா ஊருக்கும் இதை அப்படியே பொருத்த வேண்டாம் என்று. நோட்டைச் சரிபார்ப்பதைவிட, பள்ளியில் நடந்ததைப் பிள்ளையோடு பேசுவதுதான் முக்கியம் என்றும் இருந்தது. படித்துக் காட்டினேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"என் பிரதியில கடைசிப் பக்கமெல்லாம் சரியா விழல டீச்சர், மங்கலா இருந்துச்சு, அதான்..." என்றேன்.

அது பொய். முன்னால் அரைப் பக்கத்துக்கு ஒரு சுருக்கம் கொடுப்பார்கள் அல்லவா, நான் அதை மட்டும் படித்துவிட்டு எழுதியிருந்தேன். அந்த மாதம் மட்டுமல்ல. அதற்கு முன்னும் பல மாதங்கள் அப்படித்தான்.

நீங்கள் தலையாட்டினீர்கள். "சரி, இப்ப என்ன செய்யலாம்?"

"அடுத்த மடல்ல திருத்தம் போட்டுர்றேன்."

"அது வரைக்கும் அந்தப் பிள்ள வீட்லயே கெடக்கணுமா சார்? நாளைக்கு ஞாயித்துக்கிழம. ஜீப்பு போகாது. அவ ஆத்தா வீட்லதான் இருக்கும். எழுதுனவரு நீங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

போனேன். தனலட்சுமியின் அம்மா குழாயடியில் ஒரு வாரத்துத் துணியைத் துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு எழுந்து வந்து, எனக்கு நாற்காலி தேடினார். மகளுக்கு வயிற்று வலி என்றுதான் அவர் நினைத்திருந்தார். நீங்கள் நோட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் மகள் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி தனம், இதுக்கா வகுத்து வலின்னு படுத்துக் கெடந்த? எனக்குக் கையெழுத்துத் தெரியாதுன்னு டீச்சருக்குத் தெரியாதாக்கும்?"

"ஒன்னைய யாரும் ஏசக் கூடாதுல்ல" என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"சார், ஜீப்புக்குப் போகுமுன்ன தெனம் இவளுக்குத் தலை பின்னிவிடுவேன். பின்னி முடிக்கிற வரைக்கும் நேத்து டீச்சர் என்ன சொல்லிக் குடுத்தாகன்னு இவ சொல்லிக்கிட்டே இருக்கணும். ரெண்டாப்புல இருந்து இப்படித்தான். அதெல்லாம் கணக்குல வராதா?"

முந்தின நாள் உங்களுக்கு நான் படித்துக் காட்டிய வரியில் இருந்ததை இந்த அம்மா மூன்று வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "வரும்மா. அதுதான் கணக்கு" என்றேன். கிளம்பும்போது நீங்கள் தனலட்சுமியின் தலையைத் தடவி, "நாளைக்கு வந்துரு ஆத்தா, ஒன் நோட்டுல நான் போடுறேன் கையெழுத்து" என்றீர்கள். மறுநாள் அவள் வந்துவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை மாலை அதிகாரியின் அறை வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். "நீங்கதானே சார் எழுதினீங்க? இப்ப நீங்களே வேண்டாங்கிறீங்க. நெனச்சா போடவும் நெனச்சா எடுக்கவும் இது என்ன வெளையாட்டா?" என்றார். நியாயமான கேள்வி. நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் நீங்கள் அந்தப் பதினோரு நோட்டையும் அவர் முன்னால் வரிசையாக விரித்து வைத்தீர்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி நோட்டிலும் அதே சாய்ந்த எழுத்தைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் "இயன்ற பெற்றோர் மட்டும்" என்று ஒரு திருத்தம் வந்தது. ஆணையை முழுதாக எடுக்கவில்லை. ஆனால் வாராந்திர அறிக்கை நின்றுபோனது.

அடுத்த மடலின் முதல் பக்கத்தில் என் தவற்றை எழுதினேன், தலை பின்னுகிற அந்த அம்மாவின் கேள்வியையும் சேர்த்து. என்னோடு வேலை பார்த்தவர்கள் திட்டினார்கள். இப்படி ஒத்துக்கொண்டால் இனி யார் மதிப்பார்கள் என்றார்கள். சொன்னபடியே ஓர் அலுவலகம் மடல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அந்த அதிகாரி பிறகு எனக்குப் போன் செய்யவே இல்லை. ஆனால் கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் ஆசிரியர்களின் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் பள்ளியில் இது நடந்தது, இது நடக்கவில்லை என்று. நீங்கள் சொன்னபடி ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே "யாரிடம் பார்த்தது?" என்று ஒரு கட்டம் போட்டேன். எந்த ஊர், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், வீட்டில் என்ன மொழி. "இங்கன இருக்கவுகளுக்கு அத மொதல்ல சொல்லுங்க சார், பெறகு மத்தது" என்பீர்கள். என் நடையையும் விடவில்லை நீங்கள். "ஒங்க வாக்கியம் ஒவ்வொண்ணும் தேவாரத்துல பஸ் ஏறிக் கம்பத்துலதான் எறங்குது. நடுவுல எங்கயாச்சும் நிறுத்துங்க" என்றீர்கள். நிறுத்தப் பழகிவிட்டேன். தனலட்சுமி இப்போது தேனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ரசீதில் அவள் போடும் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். திருத்தத்தில் "கவனக்குறைவால்" என்றுதான் எழுதியிருந்தேன். படிக்காமல் எழுதினேன் என்று எழுதவில்லை. அது வெளிவந்த வாரம் நீங்கள் போன் செய்தீர்கள். "அந்தக் கட்டுரைய ஒரு வாரம் குடுங்க சார். எம்மக காலேஜ்ல இங்கிலீஷு படிக்கிறா, வாசிச்சுச் சொல்லுவா." மறுக்க வழியில்லை. உங்கள் ஊர்ப் பேருந்து நடத்துனரிடம் கொடுத்து அனுப்பினேன். கடைசிப் பக்கங்கள் பளிச்சென்று, ஓர் எழுத்துகூட மங்காமல் இருந்தன. அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் அதைப் புதுப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. "கட்டுரை நன்றாக இருந்தது ஐயா. மகளும் நானும் முழுவதும் வாசித்தோம்."

முழுவதும். அந்தச் சொல்லை நான் எத்தனை முறை படித்தேன்!

பிறகு பதினான்கு வருடப் பழக்கத்தில் நீங்கள் அதைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. குத்திக் காட்டவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோது உத்தமபாளையத்து வீட்டுக்கு வந்தேன். அன்று சொல்லிவிட வேண்டும் என்று பேருந்தில் மனத்துக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீங்கள் மெலிந்து கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். மகள் காபி கொண்டுவந்தாள். ஆற்றில் தண்ணீர் திறந்ததைப் பற்றிப் பேசினோம். போன மாதத்து மடலில் ஓர் எழுத்துப் பிழையைக் காட்டினீர்கள். நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அடுத்த முறை அந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது வெளியே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள்.

எனவே இப்போது சொல்கிறேன் டீச்சர். பக்கங்கள் மங்கலாக இல்லை. நான் படிக்கவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்னை நம்பி மாதா மாதம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு வந்த நாளிலிருந்து இன்றுவரை முழுதாகப் படிக்காத எதைப் பற்றியும் நான் ஒரு வரி எழுதியதில்லை. யாரும் சோதிப்பதில்லை, ஆனாலும் முடியவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் போன் செய்தார். வாசிப்புப் பயிற்சி பற்றிப் போட்டது அவர் வகுப்பில் எடுபடவில்லையாம். பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் மலையாளமும் கலந்து புழங்குகிறதாம். "தப்பா நெனைக்காதீக சார், ஒங்க கட்டத்துல அதப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்றார். கட்டுரையில் அது இருந்தது. இடமில்லை என்று நான் வெட்டிவிட்டேன். வேறொரு காரணம் ஒரு நொடி வாய் வரை வந்தது. பிறகு, "இருந்துச்சு சார். நாந்தான் வெட்டுனேன். வெட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப நேர்லயே வாங்க சார். வெள்ளிக்கிழம மூணாம் பிரியடு வாசிப்பு. பின்னால ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்" என்றார்.

நாளை வெள்ளிக்கிழமை. காலையில் முதல் பேருந்துக்குப் போகிறேன்.