கேசரி சாப்பிட்ட திங்கட்கிழமைகள்

அக். 14, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். வேட்டி காயவில்லை. பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். ஒரே தும்மல்.

டில்லி போட்டி ஆணையத்தின் கடிதம். பத்து வருஷம் முன்பு சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசி விலை ஏற்றியது பற்றி விசாரணை. வெள்ளி, சென்னை. குறிப்புகள் இருந்தால் கொண்டுவர வேண்டும்.

அப்போது நான் ஒரு கம்பெனிக்குத் திருச்சி விற்பனை மேலாளர். அருள் எதிர்க் கம்பெனி. வேறு கம்பெனிகளிலிருந்து இன்னும் இரண்டு பேர். மாதம் ஒரு திங்கள், தென்னூர் டிபன் கடை, கடைசி மேஜை. விலையை ஏற்ற ஒத்துப்போனால் நால்வருக்கும் கேசரி. இல்லாவிட்டால் வெறும் காபி. எதையும் எழுதக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. நான் டைரியில் "இன்று கேசரி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மடையன்.

படிக்கப் படிக்க ஏக்கம். என்ன சிரிப்பு அந்த மேஜையில். என் மனைவி கமலாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவன் அருள்தான்.

அக். 15, புதன்
வாங்க: கமலா மாத்திரை, குடைக்கம்பி, நல்லெண்ணெய்.

அருள் போன். கடிதம் பற்றியும் டைரி பற்றியும் சொன்னேன். "கேசரி தின்னது குத்தமாய்யா? அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. வாயத் தொறக்காத. நான் இன்னும் கம்பெனில ஆலோசகரா இருக்கேன், அந்த வேலை போயிடும்." சரி என்றேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து அதே டிபன் கடை. சப்ளையர் செல்வம் இன்னும் இருக்கிறார், தலை முழுக்க நரை.

"வாங்க சார். கேசரியா, காபியா?" சிரித்தார். "நீங்க கேசரி சொன்னா மறுவாரம் சிமெண்ட் ஏறும்னு எனக்குத் தெரியும் சார். அப்ப எடமலைப்பட்டி புதூர்ல வீடு கட்டிட்டிருந்தேன். அன்னிக்கே ஓடிப்போய் முடிஞ்ச அளவு மூட்டைய வாங்கிப் போட்டுடுவேன்."

"வீடு முடிஞ்சுதா?"

"செவுரு நின்னுடுச்சு சார். மேல தகரம்தான். தளம் போட முடியல."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

அக். 17, வெள்ளி
சென்னை. நல்ல மழை. அதிகாரி என் மகள் வயதுப் பெண். டைரியைப் புரட்டி, "நிறைய கேசரி சாப்பிட்டிருக்கீங்களே சார், ஏன்?" என்றாள்.

ஜன்னலில் மழை. தகரத்தில் எப்படிக் கொட்டும் என்று நினைத்தேன். எல்லாம் சொல்லிவிட்டேன். நால்வர் பெயரும்.

திரும்பும் ரயிலில் அருளுக்கு மெசேஜ்: சொல்லிட்டேன். பார்த்துவிட்டான். போன் செய்தேன், எடுக்கவில்லை.

அவனுக்கு இனிப்பு பிடிக்காது. தன் கேசரியை என் தட்டில் தள்ளிவிடுவான். ஒவ்வொரு தடவையும் அதையும் நான்தான் தின்றேன்.