மாடத்துக்கு அளந்த கடல்

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கடையில் ஒரே ஒரு திரைச்சீலை வேலை, அதையும் மத்தியானத்துக்குள் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

கூடத்துச் சுவரில் இருக்கிற மாடத்தை இனியும் காலியாக விடப்போவதில்லை. முன்னோர் பீடம் இருந்த இடம் அது. போன வருடம் இவருடைய அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பிங்துங்கில் புது வீடு வாங்கினார். "மூத்தவன் வீட்டுலதான் இருக்கணும்" என்று பீடத்தையும் முன்னோர் பெயர் எழுதிய பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். முறை அதுதான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இவர்? கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், விடியற்காலையில் எழுந்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஐஸ் ஆலைக்குக் கிளம்புவார். இப்போதும் அதே நேரத்துக்கு எழுகிறார். காலி மாடத்தின் முன்னால் போய் நிற்கிறார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பனியனைத் தடவிக்கொண்டே நிற்கிறார். அப்புறம் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விடுகிறார்.

பேச்சும் போச்சு. "ம்", "சரி", "வேண்டாம்". இந்த மூன்றில் ஓடுகிறது எங்கள் குடித்தனம்.

இன்று நேராகக் கேட்டுவிட்டேன்.

"மாடத்துல ஒரு அலமாரி வைக்கலாமா?"

"வேண்டாம்."

"டிவி?"

முறைத்தார்.

"பவளத் தொட்டி? கடல் மீனும் உயிர்ப் பவளமும் விட்டு, பல் டாக்டர்கிட்ட பார்த்தீங்களே, அந்த மாதிரி?"

ஆனால் "வேண்டாம்" வரவில்லையே! எனக்கு அது போதும். போன மாதம் அந்த டாக்டரிடம் போனபோது, தன் முறை வந்தும் எழுந்திருக்காமல் பின்னால் இருந்தவரை உள்ளே அனுப்பிவிட்டு, அங்கே இருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பல்வலிக்காரர் செய்கிற காரியமா அது?

மார்ச் 12

துறைமுகத் தெருவில் தொட்டிக்கடை வைத்திருக்கும் யென் என்பவனைப் பார்த்தேன். உணவகங்களுக்கு உயிர்மீன் தொட்டி செய்வது அவன் தொழில். பவளத் தொட்டி என்றால் அவனுக்குப் பைத்தியம்.

ரெடிமேடு தொட்டிகளைக் காட்டினான். பெரியது எங்கள் மாடத்தில் நுழையாது, ஒரு நூல் இடிக்கும். சின்னது வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி பல்லைக் காட்டும்.

"சின்னதையே எடுத்துக்குங்க அக்கா. பக்கத்துல ரெண்டு பூச்சாடி வச்சா தெரியாது."

"நான் ஜன்னலுக்குத் துணி பத்தலைன்னா பூச்சாடி வச்சா மறைக்கிறேன்? அளவுக்குச் செஞ்சு குடு."

"அளவு தப்பினா கண்ணாடியை மடிச்சுத் தைக்க முடியாதுக்கா."

என்னிடமே சொல்கிறான்! இந்தத் தோங்காங் ஊரில் பாதி ஜன்னல் நான் அளந்தது. ஒன்று, ஒரே ஒன்று, திரும்பி வந்ததுண்டா?

மார்ச் 13

அளந்தேன். வழக்கம்போல டேப்பில் சிவப்பு எழுத்து வருகிற மாதிரி பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊர் டேப்பில் ஒவ்வொரு அளவுக்கும் ராசி எழுதியிருக்கும், சிவப்பு நல்லது, கறுப்பு ஆகாது. மாடத்தின் அகலம் சிவப்பு. தொட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் நூற்றுப் பத்தொன்பது, அதுவும் சிவப்பு! உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் இப்படி அமையாது. இவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னமோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 20

யென்னோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம். எல்லாவற்றிலும் நான்தான் ஜெயித்தேன்.

மூன்று பக்கம் சுவர், பார்ப்பது முன்பக்கம் மட்டும். அதனால் முன்கண்ணாடி மட்டும் பச்சை அடிக்காத உசத்திக் கண்ணாடி, மற்றதெல்லாம் சாதா. தண்ணீர் வழிந்து, கீழே வடிகட்டுகிற தொட்டிக்கு இறங்குகிற பெட்டி பின்னால் வேண்டாம், இடது ஓரத்தில். பின்னால் வைத்தால் அடைப்பு எடுக்கச் சுவரை இடிக்க வேண்டும். உயரத்தையும் குறைக்கச் சொன்னேன். மேலே விளக்கும் இருக்கவேண்டும், என் கை தோள்வரை உள்ளே போகவும் வேண்டும். யென் வாயைப் பிளந்தான். "முன்னாடி தொட்டி வச்சிருக்கீங்களா அக்கா?" என்றான். கை நுழையாத இடத்தில் திரைக்கம்பி மாட்டியவளுக்கு இதெல்லாம் தெரியாதா?

மாடத்தின் மேல்பக்கம் ஊதுவத்திப் புகை படிந்து பழுப்பாக இருக்கிறது. வெள்ளை அடிக்கலாமா என்று இவரிடம் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார். வேகமாக வந்தது இந்த ஒன்று.

ஏப்ரல் 6

தொட்டி வந்து இறங்கியது. ஆறு பேர் தூக்கினார்கள். இரும்புக் கால்களை மட்டம் பார்த்து, மாடத்துக்குள் தள்ளினால், அம்மாடி! உறைக்குள் தலையணை போகிற மாதிரி போய் உட்கார்ந்தது. யென் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டு மீன்காரி சியூ-யே முதல் கேள்வியே, "இதுல வளர்த்து எப்போ சாப்பிடப் போறீங்க?" கோமாளி மீன் வரப்போகிறது என்றேன். "அதுல முள்ளுதான் இருக்கும், சதை இருக்காதே" என்று வருத்தப்பட்டாள்.

ஏப்ரல் 15

உப்புத் தண்ணீர், மணல், கல். அவ்வளவுதான். கல்லில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகித் தண்ணீர் பதமாகும்வரை எதையும் விடக்கூடாது என்று யென் சொல்லிவிட்டான். இவர் காலையில் மாடத்தின் முன்னால் நின்று கல்லைப் பார்க்கிறார்.

ஏப்ரல் 22

தண்ணீரெல்லாம் பழுப்புத் தூசி. எனக்கு அழுகையே வந்தது. யென்னுக்கு போன் பண்ணினால் சிரிக்கிறான். "நல்ல அறிகுறி அக்கா. விட்டுடுங்க."

ஏப்ரல் 29

"இங்க வா! இங்க வா!"

இவர்தான் கூப்பிட்டார். குளித்துக்கொண்டிருந்தவள் தலையில் துண்டோடு ஓடிவந்தேன், தொட்டி உடைந்துவிட்டதோ என்று. கல் இடுக்கிலிருந்து ஒரு புழு, இடியாப்ப இழை மாதிரி, தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கு" என்றார்.

ஒரு புழு! ஆனால் இவர் குரலை இவ்வளவு உயரத்தில் கேட்டு ஒரு வருடம் ஆகிறதே. நானும் குனிந்து, ஆமாம் ஆமாம் அழகாக இருக்கிறது என்றேன்.

மே 18

தண்ணீர் பதமாகிவிட்டது. இரண்டு கோமாளி மீன், சில நத்தை, பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள். ஒன்று சுத்தியல் பவளம், வெளிச்சம் பட்டதும் பச்சை விரல்களை நீட்டி ஆடுகிறது. எதை எங்கே வைப்பது என்று இவரே முடிவு செய்தார். "அது அடுத்ததைக் கொட்டும், தள்ளி வை." யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

கஞ்சி ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வேலைக்குப் போனார். கிண்ணத்தைக் கழுவும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மே 31

படகுத் திருவிழா. பிங்துங்கிலிருந்து இவருடைய அண்ணன் பெரியவரும் அவர் மனைவி பாவ்-சூவும் வந்தார்கள், மூங்கில் இலையில் கட்டிய ஒட்டரிசிச் சோற்றோடு. பெரியவர் தொட்டியைப் பார்த்து "அடேயப்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அளவு என் கை" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

என் ஓரகத்தி எங்கே போனாலும் கைப்பையில் டேப் வைத்திருப்பாள். எடுத்தாள். தொட்டியின் மேல் நீட்டினாள். முகம் மாறிவிட்டது.

"லீ-ச்சின், எந்த வரிசை பார்த்தே?"

"சிவப்புதானே அக்கா?"

"கீழ் வரிசையில சிவப்பு. மேல் வரிசையில கறுப்புடி!"

டேப்பில் மேல் வரிசை உயிரோடிருப்பவர்கள் புழங்கும் சாமானுக்கு. கீழ் வரிசை பீடத்துக்கும் கல்லறைக்கும். இது தெரியாத குழந்தை இந்த ஊரில் கிடையாது. மாடம் பீடத்துக்காகக் கட்டியது, கீழ் வரிசையில்தான் சிவப்பாக இருக்கும்! நான் சிவப்பைப் பார்த்தேன், வரிசையைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடி தலைமேல் இருந்தது.

"செத்தவங்க அளவுல உயிருள்ளதை வச்சிருக்கே. வீட்டுல ஆம்பளைக்கு ஆகாது" என்று என் காதில் சொன்னாள். இவர் வாசலில் அண்ணனோடு இருந்தார். கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 2

நான் போய் வரிசை மாத்திப் பார்ப்பேனா? நானா? யார்கிட்டயும் சொல்லவும் முடியலை. நேத்து ராத்திரி இவர் ரெண்டு தடவை இருமினார் — எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இதெல்லாம் நம்புறியான்னு கேட்டா, பகல்ல நம்ப மாட்டேன். இவர் இருமினா நம்புவேன்.

இப்பத்தான் மனுஷன் சாப்பிட ஆரம்பிச்சார்!

யென்கிட்ட போனேன். மேல் வரிசையில் சிவப்பு வேண்டுமென்றால் ஏழு சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். புதுத் தொட்டிதான்.

"காலி பண்ணி மாத்தினா பவளம் தாங்குமா?"

"தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன் அக்கா. அதுவும் இந்த வெயில்ல."

"பரவாயில்லை, செய்."

சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்க்கவே இல்லை.

ஜூன் 7

நான் கடையில் இருந்தபோது யென் வீட்டுக்கு போன் செய்து, "புதுத் தொட்டி என்னிக்கு மாத்தணும்?" என்று கேட்டிருக்கிறான். எடுத்தது இவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார், "எதுக்கு மாத்துறே?"

சொன்னேன். எல்லாவற்றையும். பாவ்-சூ சொன்னது, என் மூக்குக்கண்ணாடி, இருமல் — அழுதுகொண்டேதான் சொன்னேன், அதில் என்ன வெட்கம்.

இவர் சிரித்தார்.

"மாடம் கட்டினப்ப டேப்போட ஒரு நுனி அம்மா கையில, இன்னொரு நுனி என் கையில. எனக்கு வரிசை தெரியாதா? நீ அளந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏங்க வாயைத் திறக்கலை?"

"உன் அளவு தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்றவ நீ. நான் சொன்னா விடுவியா?" அப்புறம் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "அதுவும் இல்லாம, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அம்மா அளந்த அளவு அங்கேயே இருக்கேன்னு. எல்லாத்தையும் அண்ணன் எடுத்துட்டுப் போனாரு, அதை எடுத்துட்டுப் போக முடியலை பாரு."

ஒரு வருடத்தில் இவர் சேர்த்துப் பேசியது இவ்வளவு இருக்காது.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா தொட்டி மேல பழி போடாதே. நான் பிடிக்கிற சுருட்டு மேல போடு" என்றார். போய் யென்னுக்கு போன் செய்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 7

புயல் கரை கடந்தது. கரண்ட் இல்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை. தண்ணீர் சூடாகிக்கொண்டே போகிறது. பவளமெல்லாம் விரலை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நான் செத்தேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இவர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஐஸ் ஆலைக்குப் போனார். மூட்டை மூட்டையாக ஐஸ். நேரே போடவில்லை, நல்ல தண்ணீர் கலந்தால் உப்பு குறைந்துவிடுமாம். பாட்டில்களில் அடைத்து, மூடியைத் திருகி மிதக்கவிட்டார். காற்று கலக்க ஒரு குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். நான், இவர், எதிர்வீட்டு சியூ-யே, மாற்றி மாற்றி ஊற்றினோம். கை இற்றுப்போச்சு. "சாப்பிடாத மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று புலம்பிக்கொண்டே ஊற்றினாள், புண்ணியவதி.

ஜூலை 8

சாயங்காலம் கரண்ட் வந்தது. சுத்தியல் பவளத்தில் ஒரு கிளை போய்விட்டது. மற்றதெல்லாம் உயிரோடு.

பாவ்-சூ போன் செய்தாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லை அக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன். எல்லாரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 3

போன கிளைக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு புதுமொட்டு. ஆலை முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பெரியவரும் பாவ்-சூவும் வந்தார்கள். விசேஷம் ஒன்றுமில்லை, ஏன் வந்தார்கள் என்று புரியவில்லை. நான் அடுப்படியில் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் தொண்டையைக் கனைப்பது கேட்டது.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாவ்-சூவுக்கு முட்டி வலி. மகளைப் பார்க்க அடிக்கடி தைபேய் போறோம். ஊதுவத்தி விட்டுப் போகுது. எனக்கும் உன்னை மாதிரி வராதுப்பா. பீடத்தைத் திரும்ப இங்கேயே கொண்டு வந்துடட்டுமா? நம்ம முன்னோர்களும் அவங்க இடத்துக்கே வந்த மாதிரி இருக்கும்."

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இதற்காகத்தானே ஒரு வருடம் சாப்பிடாமல் கிடந்தார்? நான் அப்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன், பவளத்தை யென் வாங்கிக்கொள்வான், மீனைப் பல் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று. கண் கலங்கியது. கலங்கினால் என்ன, இவருக்கு நல்லது என்றால் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

கூடத்தில் தண்ணீர் வழிகிற சத்தம் மட்டும்.

"ஒண்ணாந்தேதியும் பதினஞ்சாந்தேதியும் நான் உங்க வீட்டுக்கு வந்து ஊதுவத்தி ஏத்திட்டுப் போறேன் அண்ணே" என்றார் இவர். "நீங்க ஊர்ல இல்லாட்டியும் சாவியைக் குடுங்க, வந்துடுறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். ஆனா இங்க இடமில்லையே."

"ஏன்டா, மாடம் இருக்கே?"

"குடியிருக்காங்களே அண்ணே."

பெரியவர் தொட்டியைப் பார்த்தார். பிறகு அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பப்பாளித் தட்டோடு வெளியே வந்தேன். பாவ்-சூ மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, குனிந்து கோமாளி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பை எடுக்கவில்லை.

செப்டம்பர் 29

கண் விழித்தபோது இவர் பக்கத்தில் இல்லை. கூடத்துக்கு வந்து பார்த்தேன். கையைத் தோள்வரை தொட்டிக்குள் விட்டு, கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டைக் கை முழுக்க ஈரம்.

"கஞ்சி வைக்கட்டுமா?"

"நான் குடிச்சிட்டேன். உனக்கு மூடி வச்சிருக்கேன் பாரு" என்றார்.